காரீயமும் வெள்ளீயமும்

ஈயம் என்னும் ஒரு பெயரையே காரீயம், வெள்ளீயம் என இருவேறு உலோகங்களுக்குத் தமிழர் பகிர்ந்தளித்தனர். நிறங்கண்டு பெயரிட்டோர் அறிந்திராத உறவொன்றும் அவற்றிடையே உண்டு. ஆவர்த்தன அட்டவணையில் இரண்டும் ஒரே கூட்டத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. சூரியக்கல ஆய்வின் ஒரு கிளை இவ்வுறவை நம்பியே நடைபெறுகின்றது.

2009 இல் யப்பானியரான மியசக்காவின் குழுவினர் பெரொவ்ஸ்கைற்றுப் பளிங்கமைப்புடைய சேர்வையைக் கொண்டு ஆக்கிய சூரியக்கலத்தின் வினைத்திறன் நூற்றுக்கு 3.8 மட்டுமே. இன்று அவ்வகைக் கலங்கள் 26 ஐயும் கடந்துவிட்டன. ஆயின் அச்சேர்வையின் நடுவே இருப்பது காரீயம். பலகை உடைந்து மழைநீர் புகுந்தால் அது கரைந்து மண்ணைச் சேரலாம். குழந்தைகளின் மூளையைத் தாக்கும் நஞ்சன்றோ அது! ஒரு பலகையில் அதன் அளவு மிகச் சிறிதென்பர். கூரைகள்தோறும் பலகை ஏறும் நாளில் இவ்விடை போதுமா?

2014 இல் ஒக்ஸ்போட்டிலும் அமெரிக்காவின் நோத்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்திலும் காரீயத்தின் இடத்தில் வெள்ளீயத்தை வைத்தனர். வினைத்திறன் ஏறத்தாழ 6. வெள்ளீயமும் முற்றிலும் தூயதன்று. அதன் அயடைட்டு நீரில் அமிலத்தன்மையை உண்டாக்கி மீன்களுக்கு ஊறு செய்தமை 2016 இல் வெளியான ஆய்வொன்றிற் புலனாயிற்று. எனினும் அமிலத்தை நடுநிலையாக்கலாம். காரீயத்தை அவ்வாறு இல்லாமற் செய்ய இயலாது.

உண்மையான இடர் படலத்திலேயே உள்ளது. சுழலும் தட்டிற் கரைசலை ஊற்றினால், மயிரிழையிலும் மிக மெல்லிய படலம் படிகின்றது. வெள்ளீயச் சேர்வையோ பளிங்காவதில் அளவிறந்த அவசரம் உடையது. அவசரத்தில் ஊசித்துளைகள் விழுகின்றன. அவற்றினூடே மேற்படையும் கீழ்ப்படையும் தொட்டுக்கொள்ள மின்னோட்டம் கசிகின்றது. சிறிது ஒட்சிசன் கிடைப்பினும் வெள்ளீயம் மேலும் இரு இலத்திரன்களை இழந்து பளிங்கிற் குறைகளை விளைவிக்கின்றது. ஆதலின் நைதரசன் நிரம்பிய பெட்டிக்குள்ளேயே வேலை நடைபெறும்.

வெள்ளீய புளோரைட்டைச் சேர்த்தால் ஒட்சியேற்றம் குறையும். மிகுந்தாலோ அதுவே திரண்டு படலத்தைக் கெடுக்கும். இருமெதைல் சல்பொட்சைட்டு என்னும் கரைப்பான் வெள்ளீய அயடைட்டுடன் பிணைந்து பளிங்காதலைத் தாமதப்படுத்துகின்றது. சுழற்சியின் நடுவே தொலுயீன் போன்ற, சேர்வையைக் கரைக்காத திரவமொன்றைச் சொட்டினால் பளிங்குக் கருக்கள் எங்கும் ஒருங்கே தோன்றுகின்றன. இத்தகைய உபாயங்களால் வினைத்திறன் 15 ஐத் தாண்டிற்று.

விந்தை யாதெனில், இத்துணை உதவிய அக்கரைப்பானே சூடேறும்போது வெள்ளீயத்தை ஒட்சியேற்றுகின்றதென 2020 இல் கண்டறியப்பட்டமையாகும். காற்றை வெளியே நிறுத்திப் பெட்டியைப் பூட்டியோர், பகைவனைக் கரைசலோடு தாமே உள்ளே கொண்டுசென்றிருந்தனர். அதனை விலக்கினால் பளிங்காதல் மீண்டும் விரைகின்றது. அவசரத்தை அடக்கவும் வெள்ளீயத்தைத் தீண்டாதிருக்கவும் வல்ல வேறு கரைப்பான்களை ஆய்வாளர் இப்போது தேடிவருகின்றனர்.