தோம்பில் ஏறிய பெயர்கள்

கொழும்புத்துறை,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகள்,

உன் கடிதம் கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் உன்னோடு படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து, "உங்கட ஆக்கள் பறங்கியின்ர வாளுக்குப் பயந்து கத்தோலிக்க வேதத்துக்கு மாறினவை, அவ்வளவுதான்" என்று சொல்ல, நீ ஒருத்தி பதில் இல்லாமல் நின்றதாக எழுதியிருக்கிறாய். "எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லேக்க அதுதானே உண்மையாயிருக்கும், பெரியம்மா?" என்றும் கேட்டிருக்கிறாய்.

அவர்கள் சொன்னதில் அரைவாசி உண்மை. அந்த அரைவாசியை நீ மறைக்கப் பார்க்காதே.

1619இல் பறங்கித் தளபதி, போர்த்துக்கேயனான பிலிப் டி ஒலிவேறா யாழ்ப்பாணத்தைப் பிடித்தான். யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள். அதன் பிறகு நடந்த ஞானஸ்நானம் எல்லாம் தூய ஆவியின் வேலை என்று சொல்ல எனக்கு நாக்கூசும். உத்தியோகம் வேண்டும், காணி தப்ப வேண்டும், பக்கத்து வீட்டார் போய்விட்டார்கள், நாங்களும் போவோம் என்றுதான் சனம் திரளாக வந்தது. விரத நாளில் சாப்பிட்ட வாழையிலையை வெளியே எறிந்தால் பிடிபடுவோம் என்று கூரை இறப்பில் செருகி வைத்த கதையை நீயும் கேட்டிருப்பாய். இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஞானப்பிரகாசர் என்றொருவர் இருந்தார். பறங்கியின் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வீடு முறைவைத்து மாடு கொடுக்க வேண்டியிருந்த காலம். தன் முறை வந்தபோது பசுவைக் கொடுக்க மனம் வராமல் அவர் கடல் கடந்து சிதம்பரம் போய்விட்டார். அவர் பெயரில் அங்கே ஒரு குளம் இருக்கிறது. ஊரே பணிந்த நேரத்தில் பணியாத ஒரு சைவர். எங்கட மறைக்கல்வி வகுப்பில் அவரைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. தரலாம்.

மற்ற அரைவாசி 1658இல் தொடங்குகிறது. உன் சிநேகிதர்கள் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், ஏனென்றால் எங்கட ஆக்களிலேயே பலருக்குத் தெரியாது. அந்த வருஷம் ஒல்லாந்தர் பறங்கியிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். குருவானவர் ஒருவரை வீட்டில் ஒளித்து வைத்தால் மரண தண்டனை என்று ஆணை போட்டார்கள். கோயில்கள் சீர்திருத்த சபையின் பள்ளிக்கூடங்களாயின. பள்ளிக்கூட வாத்தியாரின் கையில் தோம்பு என்ற பதிவேடு இருந்தது. பிறப்பும் கலியாணமும் அதில் ஏற வேண்டும். அவர்கள் முறையில் ஞானஸ்நானம் பெறாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. 1663 அளவில் யாழ்ப்பாணத்தில் மட்டும் 60,000 பேருக்கு மேல் தங்கள் சபையார் என்று கணக்குக் காட்டினார்கள். போதகர் பால்டேயஸ் இங்கே வேலை செய்த காலம் அது. நேற்றுவரை பறங்கியின் கணக்கில் இருந்த சனம்தான், இன்று ஒல்லாந்தரின் கணக்கில்.

இந்த நேரத்தில்தான், 1687இல், கோவாவிலிருந்து யோசேப் வாஸ் வந்து சேர்ந்தார். கொங்கணிப் பிராமணக் குடும்பத்தில் பிறந்த குருவானவர். பிச்சைக்காரர் வேஷத்தில், கூட ஜோன் என்ற ஒரு பணியாளோடு வந்தவர், வந்ததும் வயிற்றோட்டத்தில் சாகக் கிடந்து பிழைத்தார். யார் கத்தோலிக்கர், யார் காட்டிக் கொடுப்பவர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எல்லாருடைய பெயரும் ஒரே தோம்பில்தானே! அவர் செபமாலையைக் கழுத்தில் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். அதைக் கண்டு கதவைச் சாத்தினவர்களும் இருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு நின்ற கண்களும் இருந்தன. அந்தக் கண்களை வைத்துத்தான் அவர் தன் சபையைத் தேடி எடுத்தார். எனக்கு அவருடைய புதுமைகளைவிட இந்தப் புத்திதான் பிடிக்கும்.

பிறகு சில்லாலை ஊர் அவரை ஒளித்து வைத்தது. இரவில் பூசை, விடியமுன் வேறு வீடு. 1689 நத்தார் இரவு ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் பூசைக்குக் கூடின வீடுகளில் புகுந்து பிடித்தார்கள். வாஸ் தப்பினார், சனம் பிடிபட்டது. ஒருவர் அடிபட்டே செத்தார். வேறு சிலருக்குக் கடூழியம்.  வாளுக்குப் பயந்து வந்த மதம் என்றால், வாள் மற்றக் கைக்கு மாறின பிறகும் இவர்கள் ஏன் நின்றார்கள் என்று உன் சிநேகிதர்களிடம் கேள். வாஸ் பிறகு கண்டிக்குப் போய், உளவாளி என்ற சந்தேகத்தில் சிறையிருந்து, 1711இல் அங்கேயே இறந்தார். 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கட்டாயம் போனது. 1806இல் புக்கானன் என்ற ஆங்கிலிக்கன் போதகர் யாழ்ப்பாணம் வந்து பார்த்தபோது, பால்டேயஸ் காலத்துக் கோயில்கள் பாழாய்க் கிடந்தன. புரட்டஸ்தாந்து வழியில் போதிக்கிறவர் என்று அவர் கண்டது தரங்கம்பாடியிலிருந்து வந்த கிறிஸ்தியான் டேவிட் ஒருவரைத்தான். அந்த ஆயிரமாயிரம் பேரும் எங்கே? பெரும்பாலும் தங்கள் பழைய சைவக் கோயில்களுக்கே போய்விட்டார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர்களுடைய மனம் அங்கேதானே இருந்தது. அதே 1806இல் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளையும் ஆங்கிலேயர் நீக்கினார்கள். அப்போது வெளியே வந்தவர்கள், ஒன்றரை நூற்றாண்டு ஒரு இலாபமும் இல்லாமல் செபம் சொன்ன குடும்பங்களின் பிள்ளைகள்.

ஆனபடியால் சிறுபான்மை எப்போதும் சரி என்று நான் சொல்ல வருகிறேன் என்று எடுத்துவிடாதே. தனியே நிற்பவனுக்குத் தான் தனியே நிற்கிறேன் என்பதிலேயே ஒரு பெருமை வந்துவிடும், அது பொல்லாதது. துன்பப்பட்ட அதே சபை, ஆறுதலாக இருக்கிற காலத்தில் என்ன செய்தது என்றும் நீ அறிய வேண்டும். எங்கட கோயில்களிலேயே சாதிக்கொரு பக்கம் இருந்தது. பள்ளிக்கூடங்களில் சில பிள்ளைகள் வாங்கில் இருக்க, சில பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள். 1924இல் ஹண்டி பேரின்பநாயகமும் கூட்டாளிகளும் மாணவர் காங்கிரசைத் தொடங்கி, சம ஆசனம், சம போசனம் என்று கேட்டபோது ஊரின் பெரிய மனிதர் பலர் முகம் சுளித்தார்கள். உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் சம ஆசனம் வேண்டும் என்று அரசாங்கம் சொன்ன பிறகு, 1930 அளவில் சில பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பே வைத்தார்கள். எதிர்த்தவர்களில் வேதக்காரர் இல்லை என்று சொல்ல முடியாது. ஞாயிறு பூசையில் ஒரே அப்பத்தை வாங்கி, திங்கள் வாங்கில் இடம் மறுத்தவர்கள் எங்கட ஆக்கள். வெளியே நிற்கிற கூட்டத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். நாங்களே உள்ளே இருக்கிற கூட்டம் கூட்டமாகவே தெரியாது.

அப்படியென்றால் எப்படித் தேர்ந்து தெளிவது? எங்கட ஊரில் இருக்கிற குருமடம் புனித சவேரியாரின் பெயரில் இருக்கிறது. சவேரியாரை உருவாக்கின இஞ்ஞாசியார் தன் ஆன்மப் பயிற்சிகளில் ஒரு வழி சொல்லித் தருகிறார். முன்பின் தெரியாத ஒருவர் இதே சிக்கலோடு வந்தால் அவருக்கு என்ன சொல்வாய் என்று யோசி. சாகும் நேரத்தில் எதைத் தேர்ந்தெடுத்திருக்க விரும்புவாய் என்று யோசி. மனம் கலங்கி இருண்டிருக்கும்போது, தெளிவாய் இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. இந்த மூன்றிலும் எத்தனை பேர் உன் பக்கம் என்ற கேள்வி வரவேயில்லை, கவனித்தாயா? நான் இதோடு ஒன்று சேர்த்துக் கொள்வேன்: இதைச் சொல்வதால் யாருக்கு என்ன கிடைக்கிறது, எனக்கு என்ன கிடைக்கிறது?

இப்படித் தேடுகிறவர் எல்லாரும் எங்கட கோயிலுக்கே வந்து சேர்வார்கள் என்றும் இல்லை. யோகர் சுவாமி புனித பத்திரிசியார் கல்லூரியில் படித்தவர். அவர் வந்து இருந்தது இதே கொழும்புத்துறையில், ஒரு இலுப்பை மரத்தடியில், சைவராக. எங்கட வீட்டுப் பெரியவர்கள் அவரைப் பற்றிக் கதைக்கும்போது மரியாதையாகத்தான் கதைப்பார்கள்.

பெரிய வெள்ளி வழிபாட்டில் பாடுகளின் வரலாறு வாசிக்கும்போது, பிலாத்துவின் வாசலில் கத்துகிற கூட்டத்தின் பகுதியைச் சபை முழுவதும் சேர்ந்து சொல்ல வேண்டும், நினைவிருக்கிறதா? சின்னனில் நீ அதைச் சொல்ல மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டு நிற்பாய். இந்த முறை அங்கே கோயிலில் வாயைத் திறந்து சொல்லு. அந்த இடத்தில் நாங்கள் நிற்கக்கூடியவர்கள் என்று தெரிந்திருக்கத்தான் அதை எங்களிடம் கொடுத்திருக்கிறார்கள்.

உன் சிநேகிதர்களிடம் முதலில் நல்லூரைப் பற்றி நீயே சொல்லிவிடு, அவர்கள் சொல்லுமுன். பிறகு சில்லாலையைச் சொல். நம்பவில்லையென்றால் நல்லூரில் இருந்த சுவாமி ஞானப்பிரகாசரின் (மேலே சொன்ன சைவர் அல்ல, பிற்காலத்துக் குருவானவர்) சரித்திர நூல்களைத் தேடிப் பார்க்கச் சொல்லு, உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கக்கூடும். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுது. குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ.

அன்புடன்,
பெரியம்மா