தள்ளு... தள்ளு... தள்ளு!

மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் காலை ஏழு மணிக்கு ஒரு காமெடி நடக்கும். ஊட்டி மலை ரயிலை முதல்முறையாகப் பார்க்க வந்தவர்கள், போட்டோ எடுக்க வண்டியின் முன்பக்கம் ஓடுவார்கள். அங்கே இன்ஜின் இருக்காது! பெட்டியின் நெற்றியில் கொடியும் கையுமாக ஒரு பிரேக்ஸ்மேன் மட்டும் நிற்பார். இன்ஜினோ கடைசிப் பெட்டிக்குப் பின்னால் 'புஸ்... புஸ்' என்று மூச்சுவிட்டபடி இருக்கும். உடனே மொத்தக் கூட்டமும் ரிவர்ஸில் ஓடும். 7.10-க்கு விசில். இந்த வண்டியில் இன்ஜின் இழுக்காது பாஸ், தள்ளும்!

செமஸ்டர் லீவில் நாங்கள் ஆறு பேர் கிளம்பினோம். எல்லோரும் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம். தெர்மோடைனமிக்ஸில் ராங்கின் சைக்கிளை மனப்பாடம் செய்து எழுதினோமே தவிர, நீராவி ஒரு பிஸ்டனைத் தள்ளி நேரில் யாருமே பார்த்ததில்லை. 'உயிரே' படத்தில் ஷாரூக்கான் கூரை மேல் ஆடிய ரயில் என்பதுதான் பாதிப் பேருக்குத் தெரிந்த ஒரே தகவல்.

டிக்கெட் எடுக்கும்போதே எங்கள் கேங் 'ஐன்ஸ்டீன்' ஒரு கேள்வி போட்டான். "குன்னூர் வரைக்கும் ஸ்டீம், அதுக்கு மேல ஊட்டி வரைக்கும் டீசலாம். டீசல்தான் இருக்கே மச்சி, கீழேர்ந்தே அதைப் போட்டா வேலை முடிஞ்சுதே? ஸ்டீம் எல்லாம் சும்மா டூரிஸ்ட் சீன்தானே?"

நியாயமான கேள்வி. பதில் தேடித்தான் இந்தப் பயணமே.

பல்லு இருக்கிறவன் ஏறுவான்!

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரம். ஊட்டி 2,200 மீட்டரைத் தாண்டும். நடுவில் வெறும் 46 கி.மீ. மீட்டர்கேஜ் பாதை. அதற்குள் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். குன்னூர் வரை 1899-ல் ரயில் வந்தது. ஊட்டியைத் தொட 1908 ஆனது.

முதல் ஏழெட்டு கி.மீ. பாக்குத் தோப்பும் வயலுமாகச் சமதளம். கல்லாறு தாண்டியதும்தான் மேட்டர். தண்டவாளத்துக்கு நடுவில் பல் பல்லாக இரும்புப் பட்டைகள் ஆரம்பிக்கின்றன. வண்டி நிதானமாகத் தவழ்ந்து அதன் மேல் ஏறுகிறது. அடியில் 'கடக் கடக்' என்று ஒரு புதுச் சத்தம். இன்ஜினின் பல்சக்கரம் அந்தப் பற்களைப் பிடித்துவிட்டது. இந்தியாவிலேயே இப்படி ஏறும் பாதை இது ஒன்றுதான்.

எதற்குப் பல்? சின்னக் கணக்குதான். இங்கே ஏற்றம் 12.5-க்கு 1. அதாவது பன்னிரண்டரை மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரம். 100 டன் வண்டியை இந்தச் சரிவில் நிறுத்தினால் எட்டு டன் விசை அதைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்தின் பிடிமானமோ ரொம்பக் கம்மி. மழையும் பனியும் சேர்ந்துவிட்டால் இன்னும் கம்மி. அதனால் உராய்வை மட்டும் நம்பி இங்கே ஏற முடியாது.

ஸ்விட்சர்லாந்து இன்ஜினீயர் ரோமன் ஆப்ட் 1882-ல் காப்புரிமை வாங்கிய முறை இது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பல்வரிசைகள். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். இதனால் பல்சக்கரத்தின் ஏதாவது ஒரு பல் எப்போதும் பிடியிலேயே இருக்கும். ஜெர்க் அடிக்காது.

நம்ம 'X' கிளாஸ் இன்ஜினும் ஸ்விஸ் சரக்குதான். வின்டர்தூர் நகரத்து எஸ்.எல்.எம். கம்பெனி தயாரித்தது. இதற்கு நாலு சிலிண்டர். கீழே இருக்கும் இரண்டும் சாதாரணச் சக்கரங்களைச் சுற்றும். அங்கே வேலை பார்த்துவிட்டு வரும் நீராவியை வெளியே விடாமல் மேலே இருக்கும் இரண்டு சிலிண்டருக்கு அனுப்பி, அதை வைத்துப் பல்சக்கரத்தைச் சுற்றுகிறார்கள். ஒரே நீராவிக்கு டபுள் டியூட்டி! எங்கள் சிலபஸில் 'காம்பவுண்டிங்' என்று இரண்டு மார்க் கேள்வியாக வந்தது, இங்கே கரும்புகை கக்கிக்கொண்டு கண் முன்னால் ஓடுகிறது.

இறங்கும்போது இன்னும் கில்லாடி வேலை. அதே சிலிண்டர்களைக் காற்றை அழுத்தும் கம்ப்ரஸராக மாற்றி, அதையே பிரேக்காகப் பயன்படுத்துகிறார்கள். அது போக வேக்குவம் பிரேக், கைப் பிரேக், பெட்டிக்குப் பெட்டி பிரேக்ஸ்மேன். டிரைவர் பின்னால் இருப்பதால் முன்னால் என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. முதல் பெட்டிக்காரர் கொடி காட்ட, அடுத்தடுத்த பெட்டிக்காரர்கள் அதை வாங்கிக் காட்ட, சிக்னல் டிரைவரிடம் போய்ச் சேரும். செல்போன் காலத்தில் கொடி நெட்வொர்க்!

தண்ணி காட்டும் ஸ்டேஷன்கள்

பல்பாதையில் வேகம் மணிக்கு 13 கி.மீ.தான். எங்க ஹாஸ்டல் வாட்ச்மேன் சைக்கிளில் இதை ஓவர்டேக் பண்ணிவிடுவார். ஆடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று வழியில் வண்டி நிற்பது ஆள் ஏற்ற இல்லை, இன்ஜினுக்குத் தண்ணீர் காட்ட. அந்த கேப்பில் நமக்கு ஹில்குரோவில் டீ. பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி நிற்காதீர்கள். குரங்குகள் ரிசர்வேஷன் இல்லாமலே வரும்.

எங்கள் எதிர் சீட்டில் ஒரு பெரியவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். நாங்கள் சிலிண்டர் பற்றிச் சண்டை போட்டதைக் கேட்டுச் சிரித்தவர், "ஏனுங் தம்பி, எல்லாரும் இன்ஜினீயருக்குப் படிக்கிறீங்ளா?" என்று ஆரம்பித்தார்.

"ஆமாங்க ஐயா. டீசலை விட இதை ஓட்டறது அவ்வளவு கஷ்டங்களா?"

"ஓட்டறதை விடுங் தம்பி, கெளப்பறதே ஒரு நாள் வேலை. டீசல்காரர் மீட்டரைப் பாப்பாருங். கரி இன்ஜின்காரர் காதுல கேக்கோணும், மூக்குல மோந்து பாக்கோணும்."

அவர் மிகைப்படுத்தவில்லை. டீசல் இன்ஜினை ஸ்டார்ட் செய்தால், பிரேக்குக்குக் காற்று ஏறியதும் வண்டி ரெடி. நீராவி இன்ஜின் அப்படியில்லை. ஆறிப்போன பாய்லரை அவசரமாகச் சூடாக்கினால் தகடும் குழாயும் வெவ்வேறு வேகத்தில் விரிந்து இணைப்புகள் கசியும். அதனால் மணிக்கணக்கில் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். ஓடும்போதும் நிம்மதி கிடையாது. ஃபயர்பாக்ஸின் மேல்தகட்டைத் தண்ணீர் எப்போதும் மூடியிருக்க வேண்டும். சரிவில் வண்டி சாயும்போது பாய்லருக்குள் தண்ணீரும் சாயும். லெவல் கிளாஸிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. மேல்தகடு காய்ந்து போனால் அதிலிருக்கும் ஈயத் தக்கை உருகி எச்சரிக்கும். அந்த நிலைமை வரவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஃபயர்மேனின் வேலை. வேலை முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாது. சாம்பல், கசடு, கிரீஸ், பாய்லர் கழுவுதல் என்று லிஸ்ட் நீளும்.

இவ்வளவுக்கும் எரிபொருளின் சக்தியில் நீராவி இன்ஜின் உருப்படியாகப் பயன்படுத்துவது பத்து சதவிகிதத்தைத் தாண்டாது. எங்க கிளாஸில் அந்த மார்க் வாங்கினால் அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார்கள்!

குன்னூரில் கை மாறும்

28 கி.மீ.க்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு குன்னூர் வந்ததும் நீராவி இன்ஜின் கழன்று லோகோ ஷெட் பக்கம் போகிறது. YDM4 டீசல் வந்து கோக்கிறது. இதற்கு மேல் பல்பாதை கிடையாது, ஏற்றமும் குறைவு. 1,300-க்கும் அதிகமான குதிரைத்திறன் உள்ள டீசல், வெலிங்டன், அரவங்காடு, 'மூன்றாம் பிறை' க்ளைமாக்ஸ் புகழ் கேத்தி, லவ்டேல் என்று நம்மைக் கூட்டிப்போய் மதியத்துக்குள் ஊட்டியில் இறக்கிவிடுகிறது.

இங்கேதான் ஐன்ஸ்டீனுக்குப் பதில் கிடைத்தது. இந்த டீசலுக்குப் பல்சக்கரம் கிடையாது. அதனால் குன்னூருக்குக் கீழே அது வண்டியைத் தள்ள முடியாது. ஆனால் X கிளாஸ் இன்ஜினுக்கு இரண்டு வகைச் சக்கரமும் உண்டு. தேவைப்பட்டால் ஊட்டி வரை ஏறிவிடும். முன்பு ஏறிக்கொண்டும் இருந்தது. அதாவது நீலகிரியில், டீசலுக்கு ஸ்டீம் ஸ்டாண்ட்-பை ஆகலாம். ஸ்டீமுக்கு டீசல் ஸ்டாண்ட்-பை ஆக முடியாது!

உலகத்தில் பல பாரம்பரிய ரயில்களில் கதை உல்டா. டார்ஜிலிங் ரயிலுக்குப் பல்பாதை இல்லை. அங்கே நீண்ட தூர வண்டியை டீசல் பார்த்துக்கொள்ள, நீராவி பெரும்பாலும் டார்ஜிலிங்-கூம் ஜாய்ரைடோடு நிற்கிறது. இங்கிலாந்தில் தன்னார்வலர்கள் நடத்தும் ரயில்கள் நிறைய. 2018, 2022 கோடைகளில் புல்வெளி காய்ந்து, இன்ஜின் பொறியால் தீப்பிடிக்கும் அபாயம் வந்தபோது பல இடங்களில் நீராவியை ஓரங்கட்டி டீசலை ஓட்டினார்கள். "டீசல் வந்து அழகைக் கெடுத்துடுச்சு" என்று புலம்புகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அன்றைக்கு அந்த டீசல் இல்லையென்றால் வண்டியும் இல்லை, வருமானமும் இல்லை. ஷெட்டில் நிற்கும் நீராவி இன்ஜினை ரிப்பேர் பார்க்கக் காசு ஏது? டீசல் வில்லன் இல்லை பாஸ், நண்பன் கேரக்டர்!

பல்பாதைக்கு டீசல் செய்யவே முடியாதா என்றால், முடியும். வேல்ஸின் ஸ்னோடன் மலை ரயிலும் இதே ஆப்ட் முறைதான். அங்கே 1986 முதல் பல்சக்கர டீசல்கள் ஓடுகின்றன. நம்ம ஊரில் எடுத்த முடிவு வேறு.

பொன்மலை பண்ணிய மாஸ்

சித்தரஞ்சன் தொழிற்சாலை தன் கடைசி நீராவி இன்ஜினைத் தயாரித்தது 1972-ல். அதற்கப்புறம் இந்த டெக்னாலஜிக்கு மாலை போட்டாயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நீலகிரியில் ஓடிய ஸ்விஸ் இன்ஜின்களில் கடைசியாக வந்ததே 1952-ல்தான். பழையவை களைத்துப்போக, திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை ஒரு காரியம் செய்தது. 2011-ல் புத்தம்புது X கிளாஸ் நீராவி இன்ஜின் ஒன்றை உருவாக்கி வெளியே விட்டது. கரிக்குப் பதில் எண்ணெயில் எரிவது. அடுத்த சில வருஷங்களில் இன்னும் மூன்று. 2021-ல் கரியில் எரியும் புது இன்ஜினையும் பொன்மலை செய்தது.

கம்ப்யூட்டரில் டிராயிங் போடுவது ஈஸி. பாய்லர் தகட்டை வளைக்கவும், குழாயைக் கசியாமல் பொருத்தவும், வால்வு டைமிங் செட் பண்ணவும் கை வேண்டும். அந்தக் கைகள் அங்கே இருந்தன. காரணம், மலையில் நீராவி ஓடிக்கொண்டே இருந்தது. ஷோகேஸில் வைத்திருந்தால் இன்ஜின் பிழைத்திருக்கும், வித்தை செத்திருக்கும்.

இங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. யுனெஸ்கோ 2005-ல் இந்தப் பாதைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து கொடுத்தது. பாலத்தையும் குகையையும் பெயின்ட் அடித்துக் காப்பாற்றிவிடலாம். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் காதை எந்த மியூசியத்தில் வைப்பது? அது ஒரு ஆள் பக்கத்தில் இன்னொரு ஆள் நின்று வருஷக்கணக்கில் கற்றுக்கொள்ளும் விஷயம். நடுவில் ஒரு தலைமுறை விட்டுப்போனால் மேனுவல் மட்டும்தான் மிஞ்சும். எங்கள் ஆறு பேரில் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஆப்டிட்யூட் புத்தகம் வாங்காதவர் யாருமில்லை. பாய்லர் பக்கம் போகப் போகிறேன் என்று சொன்னவரும் யாருமில்லை. எல்லோரும் போகத் தேவையில்லை. ஒவ்வொரு பேட்ச்சிலும் நாலு பேர் போனால் போதும்.

நீங்களும் போகலாம்ணு ஐடியாவா? சீட் சீக்கிரம் காலியாகும், முன்கூட்டியே ரிசர்வ் பண்ணிடுங்க. அக்டோபர் - டிசம்பர் மழையில் மண்சரிவால் வண்டி ரத்தாவது சகஜம், விசாரிச்சுட்டுக் கிளம்புங்க. முழு டிக்கெட் கிடைக்காவிட்டாலும் மேட்டுப்பாளையம் - குன்னூர் பகுதியை மட்டும் விட்டுடாதீங்க. ஸ்டேஷனில் நிற்கும்போது செல்ஃபி எடுத்து முடிச்சதும், கருப்புக் கையோடு தண்ணீர் பிடிக்கிற அந்த ஃபயர்மேன் அண்ணன்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க. எந்த வைவாவிலும் கிடைக்காத பதில் அவர்கிட்ட இருக்கும்!