நின்றுபோன கோபுரம்

எங்கள் ஊர் வேதக்கோயிலின் கோபுரம் இரண்டாவது நிலையோடு நின்றுபோய்ப் பல வருஷம் அப்படியே கிடந்தது. தேரிக்காட்டைத் தாண்டி வரும் பஸ்ஸிலிருந்து பார்த்தால் பனைகளுக்கு மேலே ஒரு மொட்டைச் சுவர் தெரியும். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள், "பணம் போதவில்லையோ?" என்று கேட்பார்கள். ஊர்க்காரர்களும் "ஆமாம்" என்று சொல்லி வைப்பார்கள். அது பொய். பணம் இருந்தது. செங்கலும் சுண்ணாம்பும் கோயில் வளவுக்குள் குவித்திருந்தன. மனிதர்கள்தான் இரண்டாகப் போய்விட்டார்கள்.

நான் அந்தக் கோயிலைச் சேர்ந்தவனல்ல. எங்கள் வீட்டில் சுடலைமாடனுக்குக் கொடை கொடுப்பவர்கள். ஆனால், எனக்கு மணலில் விரலைப் பிடித்து எழுதச் சொல்லிக் கொடுத்தது வேதக்கோயில் பள்ளிக்கூடந்தான். அங்கே உபதேசியாரும் வாத்தியாரும் ஒருவரே. காலையில் எங்களுக்கு வாய்ப்பாடு. மாலையில் அவர்களுக்கு ஜெபம். ஊரில் எல்லோரும் அவரை 'வாத்தியாரையா' என்பார்கள். நான் கதை எழுதுகிறவன் ஆனதற்கு அவரும் ஒரு காரணம். யோசேப்பின் கதையை அவர் சொல்லக் கேட்டவன் கதை சொல்லாமல் இருக்க முடியாது.

என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்தவன் ஒருவன். அவன் அப்பாவும் பெரியப்பாவும் ஊரில் நல்ல பனைகளும், ஒரு தோட்டமும், நடுவே ஒரு கிணறும் வைத்திருந்தவர்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஓர் ஆச்சி. அவள் கையால் நான் வாங்கித் தின்ற சுட்ட பனங்கிழங்குக்குக் கணக்கில்லை.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, ஐப்பசி மழைக்கு முன்னால், ஒரு பிரசங்கியார் ஊருக்கு வந்தார். வெள்ளை வேஷ்டி, வெள்ளைச் சட்டை, கறுப்பு அட்டை போட்ட வேதப்புத்தகம். குரல் என்றால் அப்படி ஒரு குரல்! நாங்கள் வேறு மதத்துப் பையன்கள். நாங்களே வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்போம். முதலில் அவர் யாரையும் பிரிக்கவில்லை. குடிக்காதே என்றார், வட்டி வாங்காதே என்றார். எல்லாம் நல்ல வார்த்தை. ஒரு மாசம் போனபிறகுதான், குழந்தைப் பருவத்தில் தலையில் தெளித்த தண்ணீர் ஞானஸ்நானமே ஆகாது என்றார். அடுத்த மாசம், மருந்து குடிப்பவன் விசுவாசமில்லாதவன் என்றார். தை மாசம் பிறந்ததும் கடைசிச் சரக்கை எடுத்தார்: வருகிற ஆனி மாசம் ஒரு குறிப்பிட்ட சனிக்கிழமை இரவு கிறிஸ்து மேகத்தில் வருவார், தம்மோடு இருப்பவர்களை மட்டும் எடுத்துக்கொள்வார்.

வாத்தியாரையா வாதாடிப் பார்த்தார். அந்த நாளும் நாழிகையும் பிதா ஒருவருக்குத்தான் தெரியும் என்று கிறிஸ்துவே சொல்லியிருக்கும்போது இவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டார். தெசலோனிக்கே பட்டணத்துச் சபைக்குப் பவுல் எழுதிய இரண்டாவது நிருபத்தை எடுத்துக் காட்டினார். அங்கேயும் கடைசி நாள் வந்தேவிட்டது என்று எவரோ சொல்லி ஜனங்களைக் கலக்கியிருக்கிறார்கள். சபையில் சிலர் வேலை வெட்டியை விட்டுவிட்டுத் திரிந்திருக்கிறார்கள். பத்தொன்பது நூற்றாண்டுக்கு முந்திய சங்கதி, எங்கள் ஊர் வேலியோரம் நடப்பதுபோலவே இருந்தது. ஆனால் கேட்க ஆளில்லை. வாத்தியாரையாவுக்குக் குரல் கிடையாது, இருமல்தான் உண்டு.

சபையில் பாதி பிரிந்தது. என் நண்பனின் அப்பா பிரிந்தவர்களுக்குத் தலைவரைப்போல் ஆனார். அந்த வருஷம் அவர் பனைகளில் பாளை சீவ ஆள் விடவில்லை. கருப்பட்டி காய்ச்சும் விடிலியின் ஓலை காற்றில் பறந்தது, வேயவில்லை. பனையேறிகள் நான்கைந்து குடும்பம் பிழைப்புத் தேடி வேறு ஊருக்குப் போனது. கோபுரத்துக்குப் பணம் சேர்ந்திருந்ததே, அதில் எங்கள் பங்கைக் கொடு என்று பிரிந்தவர்கள் கேட்டார்கள். வழக்கு என்றார்கள். கொத்தனார்கள் சாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர் ஏன் போனார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. படிக்காதவர் அல்ல, கணக்கில் புலி. பின்னால்தான் தெரிந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அசனப் பண்டிகையில் இரண்டு மூட்டை அரிசி கணக்கில் குறைந்திருக்கிறது. பொறுப்பாக இருந்தவர் அவர். கமிட்டியில் ஒருவர் நாக்கூசாமல் அவரைத் திருடன் என்றார். அண்ணன் அதே கமிட்டியில் உட்கார்ந்திருந்தார், வாயைத் திறக்கவில்லை. அரிசி பிறகு வேறோர் அறையில் கிடைத்தது. மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. அந்தப் புண்ணோடு ஐந்து வருஷம் கோயிலில் பின் பாயில் உட்கார்ந்திருந்த மனிதரிடம் ஒருவன் வந்து, 'உன்னைத் தள்ளியவர்களைக் கர்த்தர் தள்ளப் போகிறார்' என்று சொன்னால் எப்படி இருக்கும்? நாளும் தேதியும் கூடச் சொன்னால்?

மாசி கடைசியில் ஆச்சிக்குக் காய்ச்சல். அவள் இருந்தது இளையவர் வீட்டில். பெரியவர் கூண்டு வண்டி பூட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வந்தார். தம்பி வாசலை மறித்து நின்றார். உள்ளே பாட்டும் ஜெபமும் ஓடிக்கொண்டிருந்தன. நானும் நண்பனும் தொழுவத்தருகே நின்றோம். ஆச்சி கட்டிலில் கிடந்தபடியே சொன்னாள்: "நான் ஒருத்தனோட மட்டும் வரமாட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து தூக்குங்கலே, வாறேன்."

தூக்கவில்லை. பெரியவர் சிறிது நேரம் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு வண்டியைத் திருப்பினார். எட்டாம் நாள் ஆச்சி போய்விட்டாள். பழைய கல்லறைத் தோட்டத்தில் புதைக்கக்கூடாது என்று இவர்கள். வேறெங்கே புதைத்தாலும் வரமாட்டோம் என்று அவர்கள். கடைசியில் தோட்டத்து மூலையிலேயே குழி வெட்டினார்கள். பெரியவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். உள்ளே வரவில்லை.

ஆனி மாசத்துச் சனிக்கிழமையும் வந்தது. களத்தில் பந்தலில்லாமல் திறந்த வெளியில் எல்லோரும் வெள்ளை உடுத்தி உட்கார்ந்திருந்தார்கள். நான் வைக்கோற் படப்பின் பின்னால் ஒளிந்து பார்த்தேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ஆனால் நடுநிசிக்குமேல் எனக்கே பயம் வந்துவிட்டது, ஒருவேளை வந்துவிட்டால் என்னை எடுப்பாரோ மாட்டாரோ என்று. கிழக்கு வெளுத்தது. ஒரு குழந்தை பசித்து அழுதது. அதன் தாய் எழுந்து யாரையும் பார்க்காமல் அடுப்பு மூட்டப் போனாள். கூட்டம் முடிந்தது அப்படித்தான்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் என் நண்பனைப் பார்த்து, "என்னலே, வந்தாரா?" என்று கேட்டேன். கூட இருந்த பையன்கள் சிரித்தார்கள். நான் இன்னும் இரண்டு தடவை கேட்டேன். அவன் கல்லை எடுக்கவில்லை, திட்டவில்லை. அதன்பின் இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. இதை எழுதுகிற இந்த நிமிஷத்திலும் அந்தக் கேள்வி எனக்கு நெஞ்சில் உறுத்துகிறது.

பிரசங்கியார் மூன்று வாரத்தில், கணக்கில் சிறு பிசகு என்று சொல்லிவிட்டு, எங்கோ போய்விட்டார். கூட்டம் கலைந்துவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கலையவில்லை. இன்னும் இறுகிற்று. தனியாக ஓலைக்கொட்டகை போட்டார்கள். இது எனக்கு வெகுகாலம் புதிராக இருந்தது.

பிற்பாடு புத்தகங்களைப் புரட்டியபோது, இதற்கு முன்மாதிரிகள் இருப்பது தெரிந்தது. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி வேதத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்துக் கிறிஸ்து வரும் காலத்தைச் சொன்னார். கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று அவர் இயக்கத்தார் நாள் குறித்தார்கள். விளைச்சலை எடுக்காமல் வயலில் விட்டவர்கள் உண்டு. நாள் போயிற்று. மில்லர் தாம் தவறியதை ஒப்புக்கொண்டார், பெரிய மனசு. ஆனால் கூட வந்தவர்களில் ஒரு சாரார், நடக்க வேண்டியது பரலோகத்தில் நடந்துவிட்டது, பூமியில் தேடியதுதான் நம் பிழை என்று விளக்கம் கண்டு, தனிச் சபையாக நிலைத்தார்கள்.

நம் பக்கத்திலேயே, திருவாங்கூரில், ஜஸ்டஸ் ஜோசப் என்ற குருவானவர் இருந்தார். பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர். பாட்டுக் கட்டுவதில் வித்துவான். ஆறு வருஷத்தில், அதாவது 1881-ல், கிறிஸ்து வருவார் என்று அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் நம்பிச் சபையைவிட்டு விலகினார்கள். 1881 போயிற்று. அவர்கள் வேறு பெயரில் தொடர்ந்தார்கள். இதில் விசித்திரம், அவர் உபதேசத்தை ஏற்காத சபைகள் அவருடைய மலையாளப் பாட்டுக்களை இன்றும் பாடுகின்றன.

தவறு என்று தெரிந்த பின்னும் ஏன் திரும்புவதில்லை? அறிஞர்கள் ஏதேதோ சொல்லட்டும். என் நண்பனின் அப்பாவைப் பொறுத்தவரை எனக்கு ஒரு விடை உண்டு. திரும்பிப் போனால், ஆச்சி வீணாகச் செத்தாள் என்று ஆகிவிடும். அதை எந்த மகனால் ஒப்புக்கொள்ள முடியும்?

கள்ள உபதேசம் என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் தயக்கமும் உண்டு. யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் திருநெல்வேலிச் சீமையிலே 1835-ல் இரேனியஸ் ஐயரை அவரை அனுப்பிய சங்கமே விலக்கியது. ஜெர்மானியரான அவர், ஆங்கிலத் திருச்சபை முறைகள் சிலவற்றைக் குறைகூறி எழுதினார். பிஷப்பின் கைவைப்பு இல்லாமலே உபதேசிகளைக் குருமாராக்க வேண்டும் என்றார். சபை இரண்டாயிற்று. 1838-ல் அவர் காலமான பிறகு பிரிந்தவர்கள் மெல்ல மெல்லத் திரும்பினார்கள். இன்று பாளையங்கோட்டையில் அவரைத் திருநெல்வேலியின் அப்போஸ்தலர் என்று கொண்டாடுகிறார்கள்.

நாசரேத்துப் பக்கத்து மூக்குப்பீறிக் கதை இன்னும் சிக்கலானது. அருமைநாயகம் என்று ஒருவர். சட்டாம்பிள்ளை என்ற பெயரே நிலைத்துவிட்டது. மிஷனெரியோடு தகராறாகி வேலையை இழந்தவர். 1849-ல் கால்டுவெல் நாடார் சமூகத்தைப் பற்றி இங்கிலீஷில் ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். தமிழுக்கு அவர் செய்த தொண்டை நான் குறைக்கவில்லை. ஆனால் அந்த நூலில் இருந்த இழிவான வார்த்தைகளை எந்த மானமுள்ள மனிதனும் பொறுக்க முடியாது. சட்டாம்பிள்ளை அதை ஊருக்குத் தெரியப்படுத்தினார். 1857-ல் தனிச் சபை பிறந்தது. வெள்ளைக்காரக் குருமார் வேண்டாம். ஞாயிறு அல்ல, சனிக்கிழமையே ஓய்வுநாள். பழைய ஏற்பாட்டு ஆசாரங்கள் வேண்டும், சாம்பிராணிப் புகை வேண்டும் என்றார்கள். மிஷனெரிமார் இதைக் கள்ள உபதேசம் என்றார்கள். வேதம் படித்தவர்கள் சனிக்கிழமையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லட்டும். எனக்கு அங்கேயும் இரண்டு மூட்டை அரிசிதான் தெரிகிறது.

அதற்காக எல்லா உபதேசமும் ஒன்றுதான் என்று சொல்லமாட்டேன். ஆச்சியின் கட்டிலுக்குக் குறுக்கே நின்ற உபதேசத்தை நான் பொய் என்றே சொல்வேன். வாத்தியாரையா ஒருநாள் இதே பேச்சில் கொரிந்து பட்டணத்தைப் பற்றிச் சொன்னார். பவுலின் கட்சி, அப்பொல்லோவின் கட்சி, கேபாவின் கட்சி என்று அங்கே அடித்துக்கொண்டார்களாம். "அதில் ஒருவரும் கள்ளப் போதகர் இல்லை, தம்பி. மூணு பேரும் நல்லவங்க. அப்படியும் சபை உடைஞ்சுது" என்றார். சொல்லிவிட்டு இருமினார்.

அவருக்குப் பெருமையான மனிதர் பிஷப் அசரியா. வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்து, 1912-ல் ஆங்கிலத் திருச்சபையின் முதல் இந்திய பிஷப்பாகத் தோர்ணக்கல் போனவர். வெள்ளைக்காரன் சண்டையை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று சபைகளின் ஒற்றுமைக்காக 1919-ல் தரங்கம்பாடியில் கூடியவர்களுள் முக்கியமானவர். 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அவர் இல்லை; 1945-லேயே போய்விட்டார். வாத்தியாரையாவின் வீட்டில் அவர் படம் மாட்டியிருந்தது. இத்தனை பெரிய சபைகள் கூடின, எங்கள் ஊரில் இரண்டு வீடு கூடவில்லை என்று அந்தப் படத்தைப் பார்த்தபடி ஒருமுறை சொன்னார்.

பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது. வாத்தியாரையா அடுத்த சேகரத்துக்கு மாற்றலாகிப் போனார். எங்கள் தெருவிலும் அதே காலத்தில் கொடை விஷயமாக இரண்டு கட்சி ஏற்பட்டு மேளக்காரர்களை அடித்துத் துரத்தியதால் நாங்கள் யாரையும் சிரிக்கும் யோக்கியதை இழந்தோம். அது வேறு கதை.

சில வருஷங்களுக்கு முன் ஊருக்குப் போயிருந்தேன். கோபுரத்தை வெளியூரில் சம்பாதிக்கும் பிள்ளைகள் கட்டி முடித்துவிட்டார்கள்; வர்ணம் கொஞ்சம் அதிகம். ஓலைக்கொட்டகை ஓட்டுக்கட்டிடமாகி, இருபது முப்பது பேரோடு இருக்கிறது. என் நண்பன் கிறிஸ்துமஸுக்குப் பழைய கோயிலுக்குப் போகிறானாம். "எங்கே உட்காருவே?" என்றேன். "பின்னாலதான். அப்பா இருந்த இடத்துலே" என்றான். பெரியப்பாவின் மக்களோடு பேச்சு உண்டா என்று கேட்டதற்கு, "நல்லது கெட்டதுக்கு உண்டு" என்றான்.

பேசிக்கொண்டே தோட்டத்துக்கு நடந்தோம். ஆச்சியின் கல்லறையைச் சுற்றி யாரோ புல் செதுக்கியிருந்தார்கள். நீ செய்தாயா என்றேன். இல்லை என்றான். பக்கத்தில் அந்தக் கிணறு. பிரிவினை ஏற்பட்ட வருஷம் நடுவில் சுவர் வைக்க முடியாததால் எதிரும் புதிருமாக இரண்டு இராட்டினம் போட்டிருந்தார்கள், ஒரு வீட்டார் இறைக்கும்போது மற்ற வீட்டார் முகம் பார்க்காமல் முதுகு காட்டி நிற்க வசதியாக. இப்போது மோட்டார் வந்துவிட்டது. இரண்டு இராட்டினமும் துருவேறி அங்கேயே இருந்தன.