பந்து வருமுன்னே போய் நிற்பவர்

பள்ளிக்கூட நாட்களில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஜங்ஷனில் இறங்கி, அங்கிருந்து பொன்மலைக்குப் பந்தாட்டம் பார்க்கப் போவேன். கூட்டமெல்லாம் கோல் போஸ்ட் பக்கம். நான் நடுக்கோட்டுக்கு அருகில் உட்காருவேன், அங்கே ஆடும் ஒருவருக்காக.

பின்வரிசை ஸ்டாப்பர்களுக்குப் பத்தடி முன்னால் நிற்பார். பந்து எங்கோ இருக்கும்போதே வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை, இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை. எதிராளி பாஸ் கொடுக்கக் காலைத் தூக்குவதற்குள் இவர் இரண்டு எட்டு வைத்திருப்பார். பந்து தானாக அவர் காலுக்கு வந்ததுபோல் இருக்கும். பக்கத்தில் இருப்பவருக்குத் தட்டிவிட்டு, மறுபடி தன் இடத்துக்கே திரும்பிவிடுவார். யாரும் கைதட்டி நான் கேட்டதில்லை.

டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் என்கிறோமே, அந்த வேலை இதுதான். ரியல் மாட்ரிட் 2003-ல் அந்த வேலையைச் செய்துவந்த மக்கலேலேயைச் செல்சிக்கு விற்றது. அதன்பின் ஸ்பெயின் லீக் பட்டத்தை அது மறுபடி தொட 2007 ஆயிற்று. அவர் ஒருவர் போனதுதான் முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரிய காரணம் அதுதான் என்பது என் கட்சி.

நம் திருச்சியில் பிறந்த தர்மராஜ் ராவணனை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பொன்மலை மைதானம் ஞாபகம் வரும். பின்வரிசையிலும் அதற்கு முன்னாலும் நின்று ஆடியவர். கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ், புனே எஃப்சி, ஐஎஸ்எல்லில் புனே சிட்டி, பிறகு சென்னை சிட்டி என்று ஊர் ஊராகப் போனார். இப்படிப் பல கிளப் மாறியவரை "ஒரு இடத்துல நிக்க மாட்டான்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். கேட்கவே வருத்தமாக இருக்கும். அந்தக் கிளப்புகள் நின்றனவா? 2014 ஜனவரியில் ஃபெடரேஷன் கோப்பையை வென்ற சர்ச்சில், அதே ஆண்டு உரிம விதிகளை நிறைவேற்றவில்லை என்று அடுத்த ஐ-லீக்கிலிருந்து விலக்கப்பட்டது. புனே எஃப்சி 2015-ல் ஐ-லீக்கை விட்டது. புனே சிட்டி 2019-ல் மூடிக்கொண்டது. அதே 2019-ல் ஐ-லீக் சாம்பியனான சென்னை சிட்டியும் இன்று அந்த லீக்கில் இல்லை. காலடி மண்ணே இப்படி நழுவினால் ஆட்டக்காரர் பெட்டியைத் தூக்காமல் என்ன செய்வார்?

2017-ல் சென்னை சிட்டி முதன்முதலாக ஐ-லீக்கில் இறங்கியபோது ராவணன்தான் கேப்டன். ராமாயண ராவணனின் தம்பி விபீஷணன் இறக்கிவைத்த இடத்திலேயே ஸ்ரீரங்கத்து ரங்கநாதர் தங்கிவிட்டார் என்று தலபுராணம் கேட்டு வளர்ந்தவன் நான். நம்மூர்ப் பையன் ஒருவர் ராவணன் என்ற பெயரோடு கேப்டன் பட்டையைக் கையில் கட்டியது எனக்குத் தனிச் சந்தோஷம். ஆனால் அண்ணா விளையாட்டரங்கத்தில் தினமும் ஆடும் பையன்களிடம் கேட்டுப் பார்த்தேன். மெஸ்ஸி தெரிகிறது, ரொனால்டோ தெரிகிறது. ராவணனைத் தெரியவில்லை.

அடுத்த முறை மேட்ச் பார்க்கும்போது பத்து நிமிடம் பந்தை விட்டுவிடுங்கள். ஸ்டாப்பர்களுக்கு முன்னால் ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரை மட்டும் பாருங்கள்.