புதுப்பேட்டையில் லோயர் ஆர்ம் வாங்கப் போறீங்களா? இதை கவனிங்க!

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான் புதுப்பேட்டை. கூவத்தை ஒட்டிய இந்தக் குறுகிய தெருக்களில் கதவு, பம்பர், இன்ஜின் என முழு காரும் பாகம் பாகமாகக் கடை வாசலில் கிடக்கிறது.

பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் 'டொக் டொக்' சத்தம், ஒரு பக்கமாக இழுக்கும் ஸ்டீயரிங், ஓரம் மட்டும் தேயும் டயர்... இந்தத் தொல்லைகளோடு வருபவர்கள் பலர் தேடுவது, முன்சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம்.

பழசு விலை மலிவுதான். ஆனால், வளைந்த ஆர்ம், வெல்டிங் வைத்த ஆர்ம் என்றால் தொடவே வேண்டாம். பார்க்க நேராக இருந்தாலும், அதிலுள்ள ரப்பர் புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் ஏற்கெனவே ஓடித் தேய்ந்தவை. பால் ஜாயின்ட் கழன்றால், ஓடும்போதே சக்கரம் சாய்ந்துவிடும்!

உங்கள் காரின் ஆர்ம் நன்றாக இருந்தால், புஷ்ஷை மட்டும் பிரஸ்ஸில் அழுத்தி மாற்றலாம். பால் ஜாயின்ட்டும் ஆடினால், புதிய ஆர்மை முழுசாக வாங்குவது நல்லது. பாலியூரித்தேன் புஷ் அதிக நாள் உழைக்கும், அதிர்வும் கூடும். குடும்பக் காருக்கு ரப்பரே சுகம். மாற்றியதும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

கதவையும் கண்ணாடியையும் புதுப்பேட்டையில் பழசாக வாங்கலாம். பின் சீட்டில் பிள்ளைகள் உட்காரும் வண்டிக்கு, புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் புதுசாகவே இருக்கட்டும்.