பன்னிரண்டு பேர், மூன்று மேஜை: மதுரையில் ஓர் இரவுச் சாப்பாடு

மதுரைக்குப் போகிறோம் என்று சொன்னால் போதும், கேட்பவர்கள் ஒரு சாப்பாட்டுப் பட்டியலே கொடுத்துவிடுவார்கள். கறி தோசை, மட்டன் சுக்கா, பரோட்டா சால்னா, கடைசியில் ஜிகர்தண்டா. திருப்பூரிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் கிளம்பிய அந்தக் குடும்பத்திடமும் அப்படி ஒரு பட்டியல் இருந்தது. மொத்தம் பன்னிரண்டு பேர். பேத்திக்கு முதல் சம்பளம் வந்திருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் பிறந்து வளர்ந்த அப்பத்தாவை மீனாட்சியைக் கும்பிட வைத்து, அன்று இரவு எல்லோருக்கும் தன் காசில் விருந்து வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. எல்லோருடைய போனையும் கவுன்டரில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனார்கள். தரிசனம் முடிந்து வெளியே வரும்போது மணி எட்டரை. சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக மாதப் பெயர்களில் தெருக்கள். மல்லிகைப் பூ வாசத்தோடு, தெருவுக்குத் தெரு பரோட்டாக் கல்லின் சத்தமும் சேர்ந்து வந்தது. அப்பத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேத்தி முன்னால் நடந்தாள்.

எல்லோரும் சொல்லி அனுப்பிய உணவகத்தின் வாசலிலேயே கூட்டம். டோக்கன் கிடையாது, வரிசையும் கிடையாது. யார் சாப்பிட்டு முடிக்கப் போகிறார்களோ அவர்கள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டும். பன்னிரண்டு பேருக்கு ஒன்றாக இடம் கேட்டதற்கு, சப்ளையர் நின்று பதில் சொல்லக்கூட நேரமில்லாமல், "கெடைக்கிற எடத்துல உக்காருங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் கீழே ஒரு மேஜையில் மூன்று பேருக்கும், சுவரோரம் நான்கு பேருக்கும், மாடியில் ஐந்து பேருக்கும் இடம் கிடைத்தது. அப்பத்தாவால் படி ஏற முடியாது. மகன், மருமகளோடு கீழேயே, முன்பின் தெரியாத ஒருவருக்கு எதிரில் உட்கார்ந்தார். விருந்து வைக்க வந்த பேத்தி குழந்தைகளோடு மாடிக்குப் போனாள்.

சுவரோர மேஜைக்குப் பரோட்டா வந்தது, சால்னா வரவில்லை. மாடியில் நான்கு கறி தோசை கேட்டார்கள். இரண்டு வந்தன, மற்ற இரண்டும் "முடிஞ்சிருச்சு". கோயிலுக்குப் போன நாளில் அப்பத்தா கறி தொடமாட்டார். அவர் கேட்டது இரண்டு இட்லி. அதுவும் தீர்ந்துவிட்டது. பதிலுக்குச் சொன்ன தோசை, மற்றவர்கள் கை கழுவி வந்த பிறகுதான் வந்தது. பின்னால் ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அப்பத்தா பாதித் தோசையோடு "போதும்ப்பா" என்று எழுந்துவிட்டார். பில்லில் வராத சுக்கா இரண்டு ஏறியிருந்தது. கேட்டதும் அடித்துக் கொடுத்தார்கள். கல்லாவில் பணம் கட்டும்போது பேத்தியின் முகத்தில் சிரிப்பு இல்லை.

அந்தக் கடையில் ருசி குறைவில்லை. வந்த இரண்டு கறி தோசையையும் குழந்தைகள் சண்டை போட்டுத்தான் தின்றார்கள். ஆனால் கறி தோசை அவசரத்துக்கு வருகிற பண்டம் இல்லை. கனமாக ஒரு தோசை ஊற்றி, அதன் மேல் முட்டையைப் பரப்பி, அதற்கு மேல் வெந்த கொத்துக்கறியைப் போட்டு, திருப்பிப் போட்டு வேகவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கல்லில் இடமும் நேரமும் வேண்டும். எட்டு மணிக்கு மேல் கடை நிறைந்திருக்கும்போது பன்னிரண்டு பேர் ஆளுக்கொன்றாகக் கேட்டால், யாருடையது எப்போது வரும் என்று சமையல்கட்டுக்கே தெரியாது.

வேன் நின்ற இடத்துக்குத் திரும்பும் வழியில் ஒரு தள்ளுவண்டி. பெரிய பாத்திரத்தில் பருத்திப்பால் ஆவி பறந்துகொண்டிருந்தது. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சுவது. அப்பத்தா மூடியிருந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்தார். மற்றவர்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆட்டுக்கல்லில் பருத்திக்கொட்டை ஆட்டிய கதையைச் சொல்லிக்கொண்டே இரண்டு டம்ளர் குடித்தார்.

"நல்லா சாப்பிட வைக்க முடியலையே அப்பத்தா" என்றாள் பேத்தி.

"சாப்பாடு கெடக்கு தாயி. நீ மேல, நான் கீழ. உன் மொகத்தப் பாத்துக்கிட்டு திங்க முடியல, அதான் கொறை" என்றார் அப்பத்தா.

கூட்டமாக மதுரைக்குப் போகிறவர்கள் சிலவற்றை முன்பே செய்துவிடலாம். போனைக் கவுன்டரில் கொடுப்பதற்கு முன்பே உணவகத்துக்குப் பேசி, கீழ்த்தளத்தில் சேர்ந்தாற்போல இடம் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். ஏழு மணிக்குள் போய்விட்டால் பாதிச் சிரமம் குறையும். ஆளுக்கொன்றாகக் கேட்காமல் இரண்டு மூன்று வகைகளை எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். வயதானவர்களுக்கு வேண்டியதை முதலில் கொண்டுவரச் சொல்லுங்கள். பில்லை வரிவரியாகப் பாருங்கள். சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022-லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. புகார் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பருத்திப்பாலுக்கும் பேத்திதான் பணம் கொடுத்தாள். வேன் கிளம்பியதும் அப்பத்தாவின் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த மாதச் சம்பளத்துக்கு உசிலம்பட்டி வீட்டிலேயே பாய் விரித்து எல்லோருக்கும் இலை போடுவது என்று, திண்டுக்கல் வருவதற்குள் முடிவாகிவிட்டது.