மீசைக்காரரும் என் மாஹே மாற்றலும்

போன வாரம் பேரன் வந்திருந்தான். "தாத்தா, உங்களுக்குப் பிடிச்ச கோச் யாரு? கார்டியோலாவா, லூயிஸ் என்ரிக்கேவா?" என்று கேட்டான். இருவரும் ஸ்பெயின்காரர்கள். இருவரும் நடுக்களத்தில் ஆடிவிட்டுப் பிறகு பயிற்சியாளர் ஆனவர்கள். நான் யோசிக்கவே இல்லை. "டெல் போஸ்கே" என்றேன்.

"அந்த மீசைத் தாத்தாவா? அவர் என்ன பண்ணாரு? பெஞ்சில சும்மா உட்கார்ந்திருப்பாரு."

அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் கொஞ்சம் நீளம். அதை இங்கே எழுதிவிடுகிறேன். அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவன் அம்மா படித்துக் காட்டட்டும்.

விசென்டே டெல் போஸ்கே 1950 டிசம்பரில் சலமான்காவில் பிறந்தவர். எனக்கும் அவருக்கும் வயது ஏறத்தாழ ஒன்று. அப்பா ரயில்வே ஊழியர். உள்நாட்டுப் போரில் குடியரசுப் பக்கம் நின்றதற்காகச் சிறைக்குப் போனவர். பையன் ரியல் மாட்ரிட்டில் சேர்ந்தான். கொஞ்ச காலம் கஸ்தேயோன், கோர்தோபா என்று வெளியூர் அணிகளுக்கு இரவலாக அனுப்பினார்கள். திரும்பி வந்து 1984 வரை அங்கேயே ஆடினார். ஐந்து லீக் பட்டம், நான்கு மன்னர் கோப்பை, நாட்டுக்காக 18 ஆட்டம். ஓடுவதில் மெதுவானவர் என்பார்கள். பந்து காலுக்கு வருமுன்பே அது அடுத்து எங்கே போக வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பவருக்கு ஓட்டம் எதற்கு? 1981-இல் பாரீஸில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் லிவர்பூலிடம் 0-1 என்று தோற்ற அணியில் அவரும் இருந்தார். பாரீஸ் இந்தக் கதையில் இன்னும் இரண்டு தடவை வரும்.

ஆட்டம் முடிந்த பிறகு அவர் வேறு இடம் தேடிப் போகவில்லை. அதே கிளப்பில் இளைஞர்களைத் தயார் செய்யும் வேலை. பெரிய அணிக்குப் பயிற்சியாளர் இல்லாதபோது இரண்டு முறை கூப்பிட்டு நிறுத்தினார்கள். புது ஆள் கிடைத்ததும் பழைய நாற்காலிக்கே அனுப்பினார்கள். அலுவலகத்தில் நாங்கள் இதை 'இன்சார்ஜ்' என்போம். அதிகாரி லீவில் போனால் பொறுப்பு நம் தலையில், வந்துவிட்டால் பழையபடி குமாஸ்தா. 1999 நவம்பரில் டோஷாக்கை அனுப்பிவிட்டு மூன்றாம் முறையாக இவரைக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை அவர் திரும்பிப் போகவில்லை. 2000 மே மாதம் பாரீஸில், ஸ்தாத் த ஃபிரான்ஸ் மைதானத்தில், வலென்சியாவை 3-0 என்று வென்று கோப்பை. 2002-இல் கிளாஸ்கோவில் மறுபடியும். சிதான் இடது காலால் வானத்திலிருந்து இறங்கிய பந்தை அப்படியே அடித்தாரே, அந்த ஆட்டம்தான். நடுவில் 2001-இல் லீக். 2003-இல் இன்னொரு லீக்.

அந்த 2003 ஜூனில் பட்டம் வென்ற மறுநாளே, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். தலைவர் ஃப்ளோரென்டினோ பெரெஸ் சொன்ன காரணம், இவர் பழைய பாணிக்காரர், இன்னும் நவீனமான ஆள் வேண்டும் என்பது. சிதான், ஃபிகோ, ரவுல், ரொனால்டோ என்று ஒவ்வொருவரும் தனி ராஜாவாக இருந்த உடைமாற்றும் அறையைச் சத்தமில்லாமல் நடத்தியதற்குக் கிடைத்த மரியாதை அது. கேப்டன் இயெரோவும் அந்தக் கோடையிலேயே போனார். நடுக்களத்தில் மற்றவர்களுக்காக ஓடிக்கொண்டிருந்த மகலேலேயைச் செல்சீக்கு விற்றார்கள். அதன்பின் மூன்று ஆண்டுகள் லீக் பட்டமும் இல்லை, ஐரோப்பியக் கோப்பையும் இல்லை.

இந்தச் செய்தி எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பிரான்சிலிருக்கும் மைத்துனர் பழைய 'ஃபிரான்ஸ் ஃபுட்பால்' இதழ்களைக் கட்டாகக் கட்டி அனுப்புவார். அதைப் பிரித்துப் படித்தபோது நான் இருந்தது மாஹேயில், ஓட்டு வீட்டு வாடகை அறையில், அடை மழையில்.

ஏன் மாஹே? சொல்கிறேன். பிரெஞ்சுக் காலத்து நிலப் பதிவேடுகளுக்குத் தமிழில் அட்டவணை தயாரிக்கும் வேலையை எங்கள் பிரிவில் என்னிடம் கொடுத்திருந்தார்கள். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் அங்கே நான் ஒருவன்தான். மூன்று வருஷம் பூச்சி அரித்த தாள்களோடு மல்லுக்கட்டினேன். முடித்துக் கொடுத்த அன்று சின்னதாக ஒரு விழா, போட்டோ, ஆளுக்கு ஒரு மிக்சர் பொட்டலம். போட்டோவில் நான் இரண்டாம் வரிசை. மறுநாள் காலை மேஜை மேல் மாற்றல் ஆணை. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காரைக்கால் என்றால் பெருமூச்சு விட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுவோம். மாஹே, யானம் என்றால் வீட்டில் அடுப்பு எரியாது.

அதனால் அந்த இதழைப் படித்தபோது எனக்கு என் கதையைப் படித்த மாதிரி இருந்தது. மீசைக்காரர் என் கட்சி என்று முடிவு செய்துவிட்டேன். மாஹேக்காரர்கள் பந்தாட்டப் பைத்தியங்கள். டீக்கடையில் பாதிப் பேர் பிரேசில், பாதிப் பேர் அர்ஜென்டினா. நான் மட்டும் வேலை போன ஒரு ஸ்பெயின்காரருக்காகச் சண்டை போட்டேன்.

இனி எழுதப் போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் இடத்துக்கு வந்தவர் சின்னப் பையன். பிரெஞ்சு ஒரு எழுத்துத் தெரியாது. நான் போய் ஒரு மாதத்தில் மாஹே அலுவலகத்துக்குப் போன் செய்தார். "சார், பதிவேட்டில 'அயான் துருவா'ன்னு வருது. அப்படின்னா என்ன சார்?"

அது ஒரு நிமிஷ வேலை. உரிமை வந்தடைந்தவர்கள் என்று அர்த்தம். அதில் வாரிசும் வரலாம், கிரயம் வாங்கியவரும் வரலாம். நான் சொல்லவில்லை. "அகராதியில பாருங்க" என்று போனை வைத்துவிட்டேன். வைத்துவிட்டுச் சந்தோஷமாகவும் இருந்தேன். ஒழுங்காக இருந்ததைக் கெடுத்தார்கள் அல்லவா, அனுபவிக்கட்டும் என்று.

2006-இல் ஊருக்குத் திரும்பி அதே பிரிவில் உட்கார்ந்தேன். ஒரு நாள் மஞ்சள் பையோடு ஒரு அம்மாள் வந்தார். அவருடைய தாத்தா கிரயம் வாங்கிய பங்கு அது. நகலில் 'வாரிசுகள்' என்று எழுதியிருந்ததால், பழைய உரிமையாளரின் வாரிசுச் சான்றிதழ் கொண்டுவா என்று திருப்பித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை, எங்கே போவார்? ஒன்றரை வருஷம் நடந்திருக்கிறார். மூலப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அயான் துருவா. ஒரே மத்தியானத்தில் சரி செய்து கொடுத்தேன். அந்த அம்மாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். உங்களை நடக்க வைத்தது நான்தான் அம்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2008-இல் டெல் போஸ்கே மறுபடி செய்தியில் வந்தார். அரகோனெஸ் ஸ்பெயினுக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு விலகினார், அந்த இடத்துக்கு இவர். இப்போது இவர்தான் அடுத்தவருடைய மேஜைக்கு வந்தவர். அணியைக் கலைக்கவில்லை. சாவி, இனியெஸ்தா, கசியாஸ் எல்லாரும் இருந்த இடத்தில் இருந்தார்கள். அரகோனெஸ் போட்ட அஸ்திவாரத்தை எங்கேயும் மறைக்கவில்லை. நடுவில் புஸ்கெட்ஸையும் ஷாபி அலோன்சோவையும் சேர்த்து நிறுத்தியதுதான் அவருடைய மாற்றம். 2010 உலகக் கோப்பையில் முதல் ஆட்டத்திலேயே சுவிட்சர்லாந்திடம் 0-1 என்று தோற்றதும், இரண்டு பேர் எதற்கு என்று ஊரே கத்தியது. அவர் அசையவில்லை. நான் ஆட்டக்காரனாக இருந்தால் புஸ்கெட்ஸ் மாதிரி ஆடத்தான் ஆசைப்படுவேன் என்றார். அதற்கப்புறம் போர்ச்சுகல், பராகுவே, ஜெர்மனி, இறுதியில் நெதர்லாந்து, நான்குமே 1-0. இனியெஸ்தா 116-ஆம் நிமிஷம் அடித்தபோது இங்கே விடியற்காலை. நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரி எழுந்து வந்து திட்டினாள்.

2012-இல் முன்கள ஆட்டக்காரரே இல்லாமல் ஃபாப்ரெகாஸை வைத்து ஆடி, கீவில் இத்தாலியை 4-0. உலகக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்ற பயிற்சியாளர் அவர் ஒருவர்தான். அவரிடமும் குறை உண்டு. 2014-இல் பழைய ஆட்களைக் கைவிட மனசில்லாமல் பிரேசிலுக்கு அழைத்துப் போனார். நெதர்லாந்து 5-1, சிலி 2-0, முதல் சுற்றோடு வீட்டுக்கு வந்தார்கள். 2016-இல் கடைசி ஆட்டமும் இத்தாலியிடம் 0-2 தோல்வி. மைதானம் அதே ஸ்தாத் த ஃபிரான்ஸ்.

நான் 2011-இல் ஓய்வு பெற்றேன். அதற்கு முந்தைய ஆறு மாதம், தினமும் சாப்பாட்டு இடைவேளையில் பதிவேட்டுச் சொற்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். பிரெஞ்சுச் சொல், தமிழ் உச்சரிப்பு, பொருள், எங்கே ஏமாறுவோம் என்ற குறிப்பு. நாற்பது பக்கம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு அந்தப் பையனிடம் போனேன். அதற்குள் அவருக்கும் தலை நரைத்திருந்தது. அன்றைக்கு நான் போனை வைத்ததை ஞாபகப்படுத்தி, தப்பு என்னுடையது என்றேன்.

"அப்படியா சார்? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார். உண்மையா, மரியாதைக்குச் சொன்னாரா தெரியவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உட்காருங்க சார், டீ சொல்றேன்" என்றார்.

டீ வரும்வரை டெல் போஸ்கே பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவருக்குக் கிரிக்கெட்தான் பிடிக்குமாம்.